ஐந்து நாளுக்குள் மறுப்பு வராவிட்டால்

என் பெயரும் தகப்பனார் பெயரும் விலாசமும் முன்தாளில் உள்ளபடி. வயது முப்பத்தெட்டு. திருமணம் ஆகவில்லை. தையல் மெஷின் பழுது பார்த்து உதிரி பாகங்கள் விற்கும் கடை வைத்திருக்கிறேன். கீழே கடை, மாடியில் வீடு. மாடியில் நானும் என் தாயாரும் இருக்கிறோம். என் தம்பியும் அதே வீட்டில்தான் இருக்கிறான், தற்சமயம் வெளியே போயிருக்கிறான். இந்த வாக்குமூலத்தில் "இருந்தான்" என்று எழுதியிருந்ததை நான் திருத்தச் சொன்னேன். திருத்தப்பட்டது.

தம்பிக்கு வயது முப்பத்தொன்று. ஒரு இடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருப்பதால் கடைக்கு வருகிறவர்கள் அவனை, மெஷினில் சுற்றும் நூலுருளையின் பெயரை வைத்து, பாபின் என்று கூப்பிடுவார்கள். ஏழு வருஷத்துக்கு முன்பு கடைக்கு ஒரு இணையதளம் செய்தான். அந்தத் தளத்தின் பெயரை, அதாவது டொமைனை, ஒரு பதிவு நிறுவனத்தில் தன் பெயரிலும் தன் சொந்த மெயில் முகவரியிலும் பதிவு செய்தான். வருஷா வருஷம் புதுப்பிப்பது என் பொறுப்பு என்பதால் அந்த நிறுவனத்துக் கணக்கின் பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். அவனுடைய மெயிலின் பாஸ்வேர்டு தெரியாது. தளத்தில் ஆயிரத்துச் சொச்சம் பாகங்களின் படம் இருக்கிறது. அளவு தெரிவதற்காக ஒவ்வொன்றின் பக்கத்திலும் தன் கட்டை விரலை வைத்துப் படம் எடுத்திருக்கிறான். அந்தத் தளத்தில் என்னை ஒரு எழுத்துகூடத் தொட விடமாட்டான்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு, பள்ளிச் சீருடை தைக்கும் ஒரு பட்டறைக்கு நாற்பது மெஷின் கொக்கிகள் வேறு மாடலுக்கானவையாக மாறிப் போய்விட்டன. நாலு நாள் அவர்கள் மெஷின் ஓடவில்லை. பட்டறைக்கார அம்மா நேரில் வந்து கத்தினார். அதன் பிறகு, கடையில் ஆறேழு பேர் நிற்கும்போதே, நான் தம்பியைப் பார்த்து, "ஒரு பொட்டலம் உருப்படியா கட்டத் தெரியுதா உனக்கு? நீ இல்லாட்டி எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றேன். என் வாய் அப்படி, தெருவுக்கே தெரியும். அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை மேஜையில் வைத்து, "சரிக்கா, மிச்சம் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான். போனை மேஜை டிராயரில் விட்டுவிட்டான். அன்று மாலை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் பட்டறையின் ஆர்டர் சீட்டை எடுத்துப் பார்த்தேன். மாடல் நம்பரைத் தப்பாக எழுதியிருந்தது நான். என் கையெழுத்துதான்.

அவன் போன ஐந்தாம் நாள் இதே காவல் நிலையத்தில் காணவில்லை என்று புகார் கொடுத்தேன். அவன் மெயிலுக்கும் எழுதினேன். சீட்டில் தப்பு என்னுடையது என்று எழுதினேன், அம்மா சாப்பிடுவதில்லை என்று எழுதினேன், திட்டியும் எழுதினேன். மொத்தம் அறுபது மெயில் இருக்கும். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஒன்றும் திரும்பி வரவும் இல்லை.

சென்ற மாதம் முதல் வாரத்தில் இந்த நிலையத்திலிருந்து போன் வந்தது. வாய்க்கால் மதகில் ஒரு ஆண் உடல் ஒதுங்கியிருப்பதாகவும், உயரமும் வயதும் என் புகாரோடு ஒத்துப்போவதாகவும் சொன்னார்கள். அம்மாவிடம் பெல்ட் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போனேன். முகம் என்று ஒன்று இல்லை. சட்டையைக் காட்டினார்கள். நீலக் கட்டம் போட்ட சட்டை. அவனிடம் அப்படி ஒன்று உண்டு. மடித்துத் தைத்த ஓரத்தைப் புரட்டிப் பார்த்தேன், ரெடிமேட், ஒரே நாளில் ஆயிரம் தைத்துத் தள்ளுகிற சரக்கு. அவனுடையது என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. ரத்த மாதிரி கொடுத்தேன். முடிவு வர மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். உடன் வந்த ஏட்டு, நல்ல மனிதர், "சட்டையைப் பார்த்து அடையாளம் சொல்லி ஒரு கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிரும்மா. எத்தனை நாள்தான் அல்லாடுவீங்க" என்றார். நான் பத்து நாள் அவகாசம் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் பதிவு நிறுவனத்தில் பேசியது நினைவுக்கு வந்தது. அவன் போன பிறகு புதுப்பிக்கும் சமயத்தில், தளத்தின் பெயரை என் பெயருக்கு மாற்ற முடியுமா என்று போனில் கேட்டிருந்தேன். அங்கே வேலை பார்க்கும் பெண், உரிமையாளர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் வேண்டும், இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றாள். ஆள் காணவில்லை என்றேன். "காணாமப் போனவங்களுக்கு எங்ககிட்ட ஃபார்ம் கிடையாதுங்க" என்றாள். அவளும் என்ன செய்வாள். அதன் பிறகு அவளே இரக்கப்பட்டு இன்னொரு விதியைச் சொன்னாள். பெயரை ஒரு நிறுவனத்திலிருந்து வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோக விண்ணப்பித்தால், பழைய நிறுவனம் உரிமையாளருக்கு ஒரு மெயில் அனுப்பும். ஐந்து நாளுக்குள் அவர் மறுக்கலாம். மறுத்தால் அதோடு நின்றுவிடும். மறுக்காவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பெயரை அனுப்பிவிடுவார்கள். அன்று எனக்கு அது தேவைப்படவில்லை.

பிணவறையிலிருந்து வந்த மறுநாள் திங்கட்கிழமை. காலை பதினொரு மணிக்குக் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து வேறொரு பதிவு நிறுவனத்தில் என் பெயரில் கணக்குத் தொடங்கினேன். அதன் பிறகு பழைய நிறுவனத்தின் கணக்கைத் திறந்து, பெயருக்குப் போட்டிருந்த பூட்டை நீக்கி, மாற்றுவதற்கான ரகசியக் குறியீட்டை எடுத்துப் புதிய இடத்தில் போட்டேன். உரிமையாளரின் ஒப்புதல் உங்களிடம் உள்ளதா என்று கேட்டது. உள்ளது என்று டிக் செய்தேன். பொய் என்று தெரிந்துதான் செய்தேன். வேறு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இணையதளத்தை அபகரிக்கும் நோக்கம் இருந்ததா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். அந்தப் பெயர் எனக்கு வந்துவிடக் கூடாது என்பதே என் நோக்கம். அக்கா அழுகிறாள் என்றால் அவன் பதில் போடமாட்டான். அம்மா சாப்பிடவில்லை என்றாலும் போடவில்லை, அதைப் பார்த்துவிட்டேன். ஆனால் அவன் தளத்தில் அக்கா கை வைக்கிறாள் என்று தெரிந்தால், அவன் எங்கே கிடந்தாலும் எழுந்து உட்காருவான். உயிர் இருந்தால் ஐந்து நாளில் மறுப்பு வர வேண்டும். வராவிட்டால் அந்தக் கையெழுத்தைப் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

திங்கள் போயிற்று. செவ்வாய் போயிற்று. திரையில் பழைய நிறுவனத்தின் பதிலுக்காகக் காத்திருப்பதாக ஒரே வரி. புதன்கிழமை ஒரே மெஷினில் மூன்று ஊசி உடைத்தேன், இருபது வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. அன்று மதியம் புதிய நிறுவனத்திலிருந்து ஒரு பையன் போன் செய்து, "இதுவரைக்கும் மறுப்பு எதுவும் வரலை மேடம். இன்னும் ரெண்டு நாள்தான், அப்புறம் உங்க பேருக்கு வந்துடும், கவலைப்படாதீங்க" என்றான். "வராதுன்னு சொல்லுப்பா" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. கவலைப்பட வேண்டாம் என்று மறுபடியும் சொல்லி வைத்துவிட்டான். அன்று அம்மா இரண்டு தடவை என்னடி முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டார். தலைவலி என்றேன்.

வியாழக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு ஒரு தையல்காரரின் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது திரையில் வரி மாறியிருந்தது. உரிமையாளர் மறுத்ததால் மாற்றம் நிறுத்தப்பட்டது என்று இருந்தது. நான் இருந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரித்தேனா அழுதேனா என்று தெரியவில்லை. தையல்காரர் எனக்கு ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துப் பாய்ந்துபோய் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்தது. ஐயோ, அந்த மனிதரை அன்று நான் திட்டிய திட்டுக்கு இங்கே வைத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மறுநாள் காலை பழைய நிறுவனத்திலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். முன்பு இரக்கப்பட்டவள் இப்போது கறாராகப் பேசினாள். உரிமையாளர் இது தன் அனுமதி இல்லாமல் நடந்த முயற்சி என்று குறித்திருப்பதால் கணக்கை முடக்கிவிட்டதாகவும், விதிப்படி காவல் துறைக்குப் புகார் அனுப்புவதாகவும் சொன்னாள். "அவர் உங்களைச் சொல்லியே எழுதியிருக்கார், இதுக்கு என்ன பதில் சொல்றீங்க?" என்று கேட்டாள். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். படித்தாள். "இதைக் கேக்கறது எங்க அக்கா. யாருக்கு வேணும்னாலும் குடுங்க, அவளுக்கு மட்டும் குடுக்காதீங்க." இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். இன்னும் ஒரு தடவை என்றேன். மூன்றாவது தடவை மெதுவாகப் படித்தாள்.

அவனுடைய மெயிலைத் திருடிய வேறு யாராவது எழுதியிருக்கலாமே என்று கேட்டதற்குச் சொல்கிறேன். என்னை அவள் இவள் என்று எழுத இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. திருடனுக்கு என் மேல் என்ன கோபம்?

மதகில் கிடைத்த உடல் என் தம்பியுடையது அல்ல. அடையாளக் கையெழுத்துப் போட மறுக்கிறேன். அந்தச் சட்டைக்காரரையும் யாராவது தேடிக்கொண்டிருப்பார்கள், அவர்களுக்கும் தகவல் போக வேண்டும். நிறுவனத்தில் கேட்டால் மறுப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும், ஆளைக் கொண்டுவந்து நிறுத்தட்டுமா என்று ஆய்வாளர் கேட்டார். உங்கள் கோப்புக்கு வேண்டுமானால் உயிரோடு இருக்கிறான் என்பதை மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள், கூட்டி வர வேண்டாம் என்றேன். போலீஸ் ஜீப்பில் வந்து இறங்கினால் அதற்கும் என் மேல்தான் கோபப்படுவான். ஊர் எது என்று எனக்கும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் நான் போய் நிற்பேன், வாய் சும்மா இருக்காது.

அம்மாவிடம் வெள்ளிக்கிழமை மதியம் சொன்னேன். மதகு விஷயம் அவருக்குத் தெரியாது, இப்போதும் தெரிய வேண்டாம். "அவன் சண்டைக்கு வந்திருக்கான்மா" என்றேன். "யாரோட?" என்றார். "என்னோடதான்" என்றேன். அம்மா, "அப்போ நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லித் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பொய்யாக டிக் செய்ததற்கு என்ன தண்டனை உண்டோ அதை ஏற்றுக்கொள்கிறேன். இனிமேல் இப்படிச் செய்யமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் எச்சரித்து அனுப்பிவிடலாம் என்று ஆய்வாளர் சொன்னார். அவருக்கு நன்றி. ஆனால் அப்படி எழுதித் தர முடியாது. அடுத்த வருஷமும் இந்தப் பெயரைக் கேட்பேன். அதற்கடுத்த வருஷமும் கேட்பேன். அவளுக்கு மட்டும் கொடுக்காதீர்கள் என்று அவன் ஒவ்வொரு தடவையும் எழுத வேண்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்கு முழுவதும் படித்துக் காட்டினார்கள். கூட்டவோ குறைக்கவோ ஒன்றும் இல்லை. நடந்தது இதுதான்.

(கையொப்பம்)
கடைக்காரர், பாபினின் அக்கா

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(கையொப்பம்)
ஆய்வாளர்