ஆனமுட்டை அவர்கள்

— கருப்புப் பார்டர் வேணாம் தம்பி. பாக்கவே சங்கட்டமா இருக்கு.

— செத்தவுகளுக்கு அடிக்கிற போஸ்டர்ணே. கருப்புப் பார்டர் போடாம, பூவும் கிளியுமா போடுறது?

— சரி, போடுங்க. போடியில ராஜாராம் பிரஸ்ஸுலதேன் எழுத்து சுத்தமா விழும்னாக. அதான் மலையில இருந்து ஜீப்பைப் பிடிச்சு இறங்கி வந்தேன்.

— ராஜாராம் நான்தேன். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. இருமல் பலமா இருக்கே...

— ஏலக்கா காய வைக்கிற ஸ்டோர்ல புகை குடிச்ச இருமல். அதை விடுங்க, சோலியப் பாப்போம்.

— செத்தவுக யாரு?

— எங்கூட எஸ்டேட்டுல வேலை பாத்த ஆளு. சொந்த ஊரு சிலமலை.

— பேரு?

— காசிராஜன்.

— ...

— என்ன தம்பி, அந்த எழுத்து இல்லையா?

— இருக்குண்ணே, இருக்கு... எந்த எஸ்டேட்டு காசிராஜன்?

— போடிமெட்டுக்கு மேல. உங்களுக்குத் தெரியாது. பேரு பெருசா விழுகணும். பின்னால ‘அவர்கள்’னு வருமா?

— செத்தவுக எல்லாருக்கும் வரும்ணே.

— அப்பச் சரி. உசுரோட இருக்கையில ஒரு பயலும் அப்பிடிச் சொல்லல.

— என்னைக்குச் செத்தாரு? தேதி வேணுமே.

— தேதியக் காலியா விடுங்க.

— காலியாவா?

— பெறகு பேனாவுல எழுதிக்கிறலாம். அவுக வீட்டுல இன்னும்... பேசி முடிவு பண்ணல.

— செத்த தேதிய வீட்டுல பேசியா முடிவு பண்ணுவாக?

— குடைஞ்சு குடைஞ்சு கேக்காதீக தம்பி. வெரசா அடிச்சுக் குடுங்க, கடைசி ஜீப்பைப் பிடிக்கணும்.

— கேக்கல, கேக்கல. ஆனா மலையில பாதிப் பேருக்குப் பட்டப்பேருதேன். இவருக்கு ஏதும்...

— இல்ல.

— இல்லையா?

— இருந்துச்சு. அதைப் போட்டுறக் கூடாதுன்னுதேன் நானே வந்துருக்கேன்.

— போடல. சும்மா சொல்லுங்க.

— ...ஆனமுட்டை. சிரிக்கிறதுன்னா சிரிங்க. எல்லாரும் சிரிச்சதுதேன்.

— சிரிக்கலண்ணே. எப்பிடி வந்துச்சு அது?

— மலைக்குப் புதுசு. மீசை கூட முளைக்கல. சிலமலைக் காட்டுல மாட்டைத் தவிர என்னத்தக் கண்டான்? ஓடையில வெள்ளையா, உருண்டையா ஒரு கல்லு கெடந்துச்சு. வீரையா கங்காணி சொன்னாரு, ‘டேய், ஆனை முட்டை போட்டுட்டுப் போயிருக்கு. குளிர் பட்டா கூமுட்டையாப் போயிரும், துரைக்குத் தெரிஞ்சா கொன்னுருவாரு’ன்னு.

— நம்பிட்டாரா?

— கங்காணி பொய் சொல்லுவாரா? தன் கம்பளியக் கழட்டி அதுக்குப் போத்திவிட்டு, பொழுதுக்கும் மழையில நனைஞ்சுக்கிட்டுக் காவல் இருந்தான்.

— கல்லுக்கா...

— சாயங்காலம் லயத்து வரிசை வீட்டுச் சனம் பூராம் வந்து சுத்தி நின்னு சிரிச்சுச்சு. அன்னைக்கே காசிராஜன் செத்துட்டான் தம்பி. இப்ப போஸ்டர் அடிக்கிறதே லேட்டுதேன்.

— அந்தப் பேரை வச்சுக்கிட்டு எப்பிடிண்ணே பொண்ணு கெடச்சுச்சு?

— மொதல்ல பொட்டிபுரத்துல பேசுனாக. பொண்ணு வீட்டுக்காரவுக மெனக்கெட்டு மலையேறி வந்து, டீக்கடை மலையாளிகிட்ட ‘காசிராஜன் எப்பிடிப்பட்ட ஆளு’ன்னு விசாரிச்சுருக்காக. அப்பிடி ஆளே இல்லைன்னுட்டான் சேட்டன். பித்தலாட்டக்காரப் பய, பேரையே பொய்யாச் சொல்லிருக்கான்னு அடுத்த பஸ்சுல இறங்கிப் போயிட்டாக.

— அடப் பாவமே.

— பெறகு சுருளியம்மா வந்தா. கல்யாணத்துக்கு லயத்துப் பயலுக சேந்து ஒரு அண்டா குடுத்தாய்ங்க. பேரு வெட்டித்தேன் குடுத்தாய்ங்க. ‘ஆனமுட்டை திருமணப் பரிசு’. இன்னைக்கும் அதுலதேன் வெந்நி போடுறோம்.

— போடுறோமா?

— ...போடுறாக. அவுக வீட்டுல.

— ம்.

— நீங்க எழுத்தைக் கோத்து முடிங்க.

— கோத்துக்கிட்டுத்தேன் இருக்கேன். அந்தம்மாவாச்சும் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாகளா?

— நல்லாக் கேட்டீக. புருசன் பேரை எந்தப் பொம்பள சொல்லுவா? சொன்னா அவனுக்கு ஆயுசு கொறைஞ்சு போகும்பாக. ரேசன் கடையில கேட்டாக் கூட, பக்கத்துல நிக்கிறவளைச் சொல்லச் சொல்லுவா. அவ என்னன்னு சொல்லுவா? ஆனமுட்டைன்னுதேன். ஊருக்குத் தெரியாத பேரு, வீட்டுல சொல்லக்கூடாத பேரு. அந்தப் பேரு எங்கதேன் இருக்கும்?

— அப்ப ஒருத்தரும் கூப்பிட்டதே இல்லையா?

— பெத்த ஆத்தா கூப்பிட்டா. மொக்கம்மா. பொங்கலுக்குச் சிலமலைக்கு இறங்குனா, தெருமுக்குல பாத்ததுமே ‘காசிராசா’ம்பா. அந்த ஒரு சத்தத்துக்காகவே இறங்குறது. எழுபத்தி நாலுல அதுவும் போச்சு.

— செத்துட்டாகளா?

— தந்தி வந்துச்சு. காலையில பேரு கூப்பிடுற பெரட்டுக்கு எல்லாரும் வரிசையா நிக்கிறோம். எஸ்டேட்டுக் கணக்கு எழுதுற ரைட்டர் தந்தியக் கையில வச்சுக்கிட்டு, ‘காசிராஜன் யாரு, காசிராஜன் யாரு’ன்னு கத்துறாரு. ஒருத்தரும் ஏன்னு கேக்கல.

— இவரு?

— இவந்தேன் மொத ஆளாச் சொன்னான். ‘அப்பிடி யாரும் இங்க இல்லீங்க’ன்னு.

— தன் பேருன்னு தெரியலையா?

— தெரியல தம்பி... யாரோ அடுத்தவன் பேரு மாதிரி இருந்துச்சு எனக்கு.

— ...

— அவனுக்கு.

— ம். சொல்லுங்க.

— மத்தியானம் குனிஞ்சு காய் எடுத்துக்கிட்டு இருக்கையில, நெஞ்சுல அடிச்சாப்ல நெனப்பு வந்துச்சு. அப்பிடியே போட்டுட்டு மலையை விட்டு ஓடி இறங்கி சிலமலைக்குப் போனா... பங்காளி மகன் கொள்ளி வச்சுட்டு வந்து குளிச்சுக்கிட்டு இருக்கான். ஒத்த மகன் இருந்தும்.

— அழாதீகண்ணே.

— அழுகல. இருமல்.

— இந்தாங்க, தண்ணி குடிங்க.

— ஒன்னு கேக்குறேன் தம்பி. காசிராஜன்னு மட்டும் போட்டு ஒட்டுனா, யாரு செத்ததுன்னு எவனுக்குத் தெரியும்? ஒரு பய வரமாட்டான்.

— அது இருக்குண்ணே.

— சரி, பக்கத்துல பிராக்கெட்டு போட்டு அந்தக் கருமத்தையும் போட்டா? ‘ஆனமுட்டை அவர்கள்’. அழுக வந்தவனும் சிரிச்சுட்டுப் போவான். போட்டாக் கேவலம், போடாட்டி அனாதைப் பொணம். இப்பிடியும் ஒரு பொழப்பா தம்பி? செத்தும் நிம்மதி இல்ல.

— அண்ணே... மதுரையில டாக்டரு என்ன சொன்னாக?

— யாருக்கு?

— காசிராஜனுக்கு.

— ...நெஞ்சுல கட்டியாம். இந்த வருசக் காய் எடுத்து முடியிற வரைக்கும் இருந்தாப் பெருசுன்னாரு. தெரிஞ்சுபோச்சா தம்பி?

— தெரிஞ்சுபோச்சுண்ணே.

— யாருகிட்டயும் மூச்சு விட்டுறாதீக. சுருளிக்கு ஒன்னும் தெரியாது. புகை இருமல்னு சொல்லி வச்சுருக்கேன். நான் போயிட்டா அவ பேரைச் சொல்லமாட்டா. லயத்துப் பயலுகதேன் இங்க வந்து, ஆனமுட்டைன்னு அடிச்சு வாங்கிட்டுப் போவாய்ங்க. அதுக்குத்தேன் நான் முந்திக்கிட்டேன்.

— நீங்க முந்தலண்ணே.

— என்ன?

— உங்க முதுகுக்குப் பின்னால, ஆணியில ஒரு தாளு தொங்குது பாருங்க.

— ...கா...சி... காசிராஜன் அவர்கள். சிலமலை. தேதி காலியா இருக்கு... நான் இப்பத்தான வந்தேன் தம்பி. யாரு சொல்லி அடிச்சீக?

— போன சந்தையன்னைக்கு ஒரு அம்மா வந்தாக. ‘எங்க வீட்டுக்காரருக்கு நாளு நெருங்கிருச்சுன்னு மதுரை டாக்டரு என்கிட்டத் தனியாச் சொல்லிட்டாரு. அவருக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். மலைக்காரவுக வந்து அந்தப் பேரைப் போடச் சொன்னா, போட்டுறாதீக’ன்னாக. ஆளு வரணுமேன்னேன். ‘லயம் லயமா நானே போயிச் சொல்லி, ஆளைக் கூட்டியாருவேன். தாள்ல மட்டும் அவுக பேரு இருக்கட்டும்’னாக. எழுத்துத் தெரியாட்டியும் கண்ணால பாக்கணும்னாக. அதான் ஒன்னு அடிச்சுக் காட்டுனேன்.

— சுருளியா... அவ கூட யாரு வந்தது? பேரை யாரு சொன்னது?

— தனியாத்தேன் வந்தாக. அந்த ஸ்டூல்லதேன் தாலிக்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துருந்தாக. பெறகு, ‘இனிமே ஆயுசு கொறைய என்ன இருக்கு’ன்னுட்டு, காசிராஜன்னாகண்ணே. மெஷின் சத்தத்துல எனக்குக் கேக்கல, மறுபடி சொல்லச் சொன்னேன். மறுபடியும் சொன்னாக... சொல்லிட்டுக் கன்னத்துல போட்டுக்கிட்டாக.