சுந்தரன் பேருக்கு ஒரு துளி

இல்ல சாரே, எனக்க விரல விடுங்க. இதுல இனி குத்தி ஒரு பலனும் இல்ல. இது நீங்க ரெண்டு மட்டம் பாத்த ரத்தமாக்கும். என்னது, ஒரு மட்டந்தான் பாத்தியளா? இல்ல, ரெண்டு. சொல்லுதேன். அந்த ஊசிய அங்கோட்டு வச்சிட்டு இந்தக் கட்டங்காப்பியக் குடியுங்க. வெள்ளறடையில இருந்து சைக்கிள உருட்டிட்டுத்தானே இந்த ஏத்தம் ஏறினிய?

மலையாளத்துலயே கேளுங்க, எனக்கு மனசிலாவும். பதிலு மட்டும் தமிழுலதான் வரும்.

ஆமா, அழுகச் சத்தம் ரோசம்மா வீட்டுல இருந்துதான். வேலிக்கு அந்தப் பக்கம். மூத்தவ புஷ்பபாய் போயி இன்னைக்கு ஒன்பது நாளு. ஆறு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவ, பல்லு கிடுகிடுன்னு அடிக்க, எனக்க அடுப்புப் பக்கத்துலதான் வந்து குத்தவச்சா. மாமீ குளிருதுன்னா. மழையில நனஞ்சிருப்பான்னு நான் துணியக் கொண்டு தலைய தொடச்சு விட்டேன். நாலாம் நாளு வலிப்பு வந்து கண்ணு செருகிப் போச்சு. நெய்யாற்றின்கரை ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியில, பஸ்ஸுலயே போயிட்டா. இப்பம் இளையவளுக்கும் அதே குளிரு.

நீங்களும் பாவந்தான். இந்தச் சரிவுல உள்ள பதினோரு வீட்டுலயும் ரத்தம் எடுத்து, பூதக்கண்ணாடியில கண்ணு நோவப் பாத்திட்டு, காய்ச்சலு எங்க இருந்து வருதுன்னு பிடி கிடைக்காம திரும்ப வந்திருக்கிய. நேத்து ரோசம்மா முற்றத்துல வச்சுச் சொன்னியளே, கொசு தானா ஒண்ணும் உண்டாக்காது, ஒரு ஆளுக்க ரத்தத்துல இருந்துதான் எடுக்கும்னு. அந்த ஆளுக்குக் காய்ச்சலே இருக்காது, கப்பையும் மீனும் தின்னுட்டு திடமா இருப்பான், அவனுக்க ரத்தத்துல பூச்சி கொஞ்சமாத்தான் கெடக்கும், ஒரு மணிக்கூறு தேடினாத்தான் ஒண்ணு கண்ணுல படும், ஆனா கொசுவுக்கு அது போதும்னு. நான் அப்பம் வேலிப்பக்கம் நின்னு கேட்டேன்.

ரெண்டு மாசம் முன்ன, முதல் மட்டம் நீங்க காக்கி நிக்கரும் போட்டு, கக்கத்துல நோட்டும் வச்சிட்டு வந்தியளே, அது யாருக்க புத்தி சாரே? சந்தையில லாத்தியடி நடந்து அப்பம் பத்து நாளு ஆகல்ல. நம்ம ஊரு தமிழ்நாட்டோட சேரணும்னு வாயத் தொறந்தவனையெல்லாம் போலீசு தேடுது. அந்த நேரத்துல வந்து, ஆம்பிளைக்குப் பேரு என்ன, அப்பன் பேரு என்ன, ஆளு வீட்டுல உண்டான்னா என்ன நினைப்போம்? ஆளில்லாத பேருக்கு நேரே சிவப்புப் பென்சிலுல ஒரு வரை வேற வரஞ்சிய. அது நேரா ஸ்டேஷனுக்குப் போவும்னு ஊரு முழுக்கப் பேச்சு. சிரிக்காதிய. திரும்ப வந்து ரத்தம் எடுக்கதுக்குள்ள அடையாளம்னு இப்பம் சொல்லுதிய. அப்பமே சொல்லணும்.

என்னக் கெட்டின மாப்பிள பேருக்கு அந்த வரை கிடையாது. நோட்ட வேணும்னா தொறந்து பாருங்க. சுந்தரன். கண்ணுநோவுன்னு உள்ளறையில கிடந்தாரே, அவருதான். கண்ணுநோவு எனக்குப் பிடிச்சா பூதக்கண்ணாடியில யாரு பாப்பான்னு சொல்லிட்டு நீங்க வாசல்லயே நின்னிய. ஊசியும் கண்ணாடிச் சில்லும் எனக்க கையில தந்து, நீயே குத்தி ஒரு துளி எடுத்திட்டு வான்னிய.

கண்ணுநோவு ஒண்ணும் இல்ல. ஊர்வலத்துல கொடி பிடிச்சவருக்கு நெத்தியில இருந்து காது வரைக்கும் லாத்தி பிளந்திருந்து. அதப் பாத்தா நோட்டும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். அதுல இருந்து பகல்ல வெளிய இறங்கதில்ல. அந்தி கறுக்கதுக்கு முன்ன, கொசு இரையுத நேரத்துக்கு, சட்டையில்லாம வேலியோரத்துல வந்து இருப்பாரு, காத்துக்கு. புஷ்பபாய் அந்தப் பக்கத்துல இருந்து கதை கேப்பா. மாமா இங்க ஒளிஞ்சிருக்காருன்னு அவளுக்கு மட்டுந்தான் தெரியும். பெத்த தள்ளைகிட்டகூடச் சொல்லல்ல அந்தப் பிள்ள.

காய்ச்சலா? இப்பம் ஒண்ணும் இல்ல. ரெண்டு வருசம் முன்ன அம்பூரி மலையில ரப்பரு நடப் போன எடத்துல குளிருகாய்ச்சலு வந்து, கொயினா மாத்திரை தின்னு எழும்பினாரு. பெறவு ஒரு தும்மல்கூட இல்ல.

ஆமா, நீங்க நினைக்கது சரிதான்.

அவரு பிடிச்ச கொடி இப்பவும் ஸ்டேஷன்ல கெடக்கு, அவருக்க ரத்தத்தோட. இந்தத் துளியும் அந்தக் கொடியில உள்ளதும் ஒரே ஆளுக்கதுன்னு உங்க பூதக்கண்ணாடி காட்டிக் குடுத்திருமோன்னு எனக்குப் பேடி. என்னத்தக் கண்டேன் நான்? ரத்தத்துல பூச்சியையே பாக்குதவன் ஆளையும் பாப்பான்னுதானே தோணும்? அதுதான் வலது கையில நீங்க குத்தினது எனக்க பேருக்கு. உள்ள போயி இடது கையில நானே குத்தினது அவருக்க பேருக்கு.

ரோசம்மாவுக்கு இன்னும் தெரியாது.

காப்பி ஆறுது, பரவாயில்ல. ஊசிய எடுத்திட்டு வாருங்க, உள்ளறையிலதான் இருக்காரு. தலையப் பாக்காதிய சாரே. விரல மட்டும் பாருங்க.