ரலியா கார் ஓட்டின கதை

மஹ்ரூப்: கியரைக் குறை. ரவுண்டபவுட் வருது.

ரலியா: தெரியுது. பதினொரு வருசம் பஸ் ஓட்டின ஆள் பக்கத்தில இருந்தா, தெரிஞ்சதும் எனக்கு மறந்து போகுது.

மஹ்ரூப்: சரி, இனி நான் வாய் திறக்கேல்லை... வலப்பக்கம் பார், சிவப்பு வான் ஒண்டு...

ரலியா: இதுதான் வாய் திறக்காததோ?

மஹ்ரூப்: லைசன்ஸ் எடுத்து மூண்டு மாசமாகேல்லை. மனோர் பார்க்கில இருந்து வெஸ்ட் ஈலிங் மட்டும் நீயா ஓட்டிக்கொண்டு வந்திட்டாய். என்ர மனுசி எண்டு பெருமையில வாய் ஓயுதில்லை.

ரலியா: ஆனந்தராஜா அண்ணை வீட்டில இறால் குழம்பு எண்டனீங்கள். அதுக்காக ஓட்டுறன்.

மஹ்ரூப்: அது கிடக்கட்டும். உன்ர கதை என்னாச்சு? அந்த வெள்ளைக்கார மனுசி, மிஸ் கார்ட்டர்... இங்க இருக்கிற முஸ்லிம் பொம்பிளையள் எழுதின கதையளைச் சேர்த்துப் புத்தகம் போடுறன் எண்டவ. பஸ் கராஜில எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.

ரலியா: ஆரிட்டைக் கேட்டுச் சொன்னனீங்கள்?

மஹ்ரூப்: நீ கார் பழகின கதை இங்கிலிஷ் புத்தகத்தில வருது. சொல்லாமல் இருக்க ஏலுமோ?

ரலியா: ...அவ ஒரு மாற்றம் கேட்டவ.

மஹ்ரூப்: என்ன மாற்றம்?

ரலியா: புருசன் கார் பழக விடக்கூடாதாம். அவள் ஒளிச்சுப் பழக வேணுமாம். பிறகு பிடிபட்டு...

மஹ்ரூப்: பிடிபட்டு?

ரலியா: புருசன் அடிக்க வேணுமாம்.

மஹ்ரூப்: நானோ?

ரலியா: கதையில வாற புருசன்.

மஹ்ரூப்: கதையில வாற புருசன் நான்தானே. குறட்டை விடுறது வரைக்கும் எழுதி வைச்சிருக்கிறாய்.

ரலியா: அதைத்தான் நம்ப ஏலாதாம். அஞ்சு தரம் டெஸ்டில பெயில் விட்டு, அஞ்சு தரமும் புருசன் சிப்ஸ் வாங்கிக் குடுத்து ஆறுதல் சொல்லுறானாம்... முஸ்லிம் வீட்டில அப்பிடி நடக்குமோ எண்டு வாசிக்கிற ஆக்கள் கேப்பினமாம்.

மஹ்ரூப்: மூண்டாம் தரம் மீனும் வாங்கித் தந்தனான். அதை நீ எழுதேல்லை.

ரலியா: சிரிக்காதேங்கோ, விசர் வருது. தமிழ்ப் பத்திரிகைக்குக் குடுத்தா, ரலியா எண்ட பேர் வேண்டாம், வசந்தமலர் எண்டு போடுவம் எண்டினம். பள்ளிவாசல்ல உருது பேசிற பொம்பிளையள், உருதுவில எழுதினா என்ன எண்டு கேக்கினம். இப்ப இவ வந்து புருசனை மாத்து எண்டுறா.

மஹ்ரூப்: உருது பழகிறதைவிடப் புருசனை மாத்திறது லேசு.

ரலியா: நீங்கள் பகிடி விடுங்கோ.

மஹ்ரூப்: பகிடி இல்லை. நான் அடிச்சா அடிச்சிட்டுப் போறன், கதைதானே. இங்கிலிஷில புத்தகம் வாறது சின்னக் காரியமே? மாத்திக் குடு.

ரலியா: ஏலாது.

மஹ்ரூப்: ஒரு அடிதானே... ரெண்டெண்டாலும் பரவாயில்லை.

ரலியா: ஏலாது எண்டுறன். முதல்ல தமிழில எழுதி உம்மாவுக்கு அனுப்பினனான் எல்லோ, புத்தளம் முகாமுக்கு?

மஹ்ரூப்: ஓம்.

ரலியா: பக்கத்துக் கொட்டில் ஆக்களையெல்லாம் கூப்பிட்டு வாசிச்சுக் காட்டினவவாம். நான் காரைக் கொண்டுபோய்ப் பாதிரியாரின்ர வேலியை உடைச்ச இடத்தில, ஒருத்தராலயும் சிரிப்பை அடக்க ஏலேல்லையாம். தொண்ணூறில எங்கட முஸ்லிம் சனத்தை இயக்கம் யாழ்ப்பாணத்தை விட்டுக் கலைச்சு ரெண்டு வருசமாச்சு, இண்டைக்குத்தான், மகள், நாங்கள் சேர்ந்திருந்து சிரிச்சது எண்டு எழுதினவ. அந்தக் கதைக்குள்ள நான் உங்களைக் கொண்டு என்னை அடிப்பிக்கவோ?

மஹ்ரூப்: லைட் பச்சை. பின்னால ஹோர்ன் அடிக்கிறான்.

ரலியா: அடிக்கட்டும். ஒண்டு சொல்லுறன், கோவிக்கக்கூடாது.

மஹ்ரூப்: முதல் காரை எடு. பிறகு சொல்லு.

ரலியா: திங்கக்கிழமை அவவுக்குக் கடிதம் போட்டிட்டன். புத்தகத்துக்கு என்ர கதை வேண்டாம், திருப்பி அனுப்புங்கோ எண்டு. நீங்கள் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறீங்கள்... எப்பிடிச் சொல்லுறது எண்டு தெரியேல்லை.

மஹ்ரூப்: வாற சந்தியில இடப்பக்கம் திருப்பு.

ரலியா: கோவமோ?

மஹ்ரூப்: இண்டிகேற்றர்.

ரலியா: ஆனந்தராஜா அண்ணை வீடு அங்கால எல்லோ?

மஹ்ரூப்: இதுக்குள்ளால போ. மெல்லமா.

ரலியா: ...இப்ப ஏன் சிரிக்கிறீங்கள்?

மஹ்ரூப்: உன்ர கடிதம் கிடைச்சு, வியாழக்கிழமை அவ எங்கட வீட்டுக்குப் போன் எடுத்தவ. நீ வேலைக்குப் போட்டாய்.

ரலியா: மிஸ் கார்ட்டரோ? நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

மஹ்ரூப்: அந்தப் புருசன் நான்தான் எண்டன்.

ரலியா: அல்லாவே...

மஹ்ரூப்: பிறகு கேட்டா, சிப்ஸ் உண்மையோ எண்டு. எல்லாம் சொன்னன். மீனையும் சொன்னன். பாதிரியாருக்கு ரெண்டு சனிக்கிழமை நான் போய் வேலி கட்டிக் குடுத்ததையும் சொன்னன். உன்ர உம்மா எழுதினதைச் சொல்லேக்க... மனுசி மூக்கைச் சிந்தினது எனக்கே கேட்டுது.

ரலியா: உம்மா எழுதினது உங்களுக்கு முதலே தெரியுமோ?

மஹ்ரூப்: கடிதத்தைத் தலையணைக்குக் கீழ வைச்சா? மெத்தையை உதறிப் போடுறது நான்தானே.

ரலியா: இவ்வளவும் தெரிஞ்சுகொண்டோ, மாத்திக் குடு, மாத்திக் குடு எண்டு ஆய்க்கினை தந்தனீங்கள்?

மஹ்ரூப்: நீயாச் சொல்லுவியோ எண்டு பாத்தன்.

ரலியா: சொல்லிட்டன். இனி நீங்கள் சொல்லுங்கோ. அவ கடைசியா என்ன சொன்னவ?

மஹ்ரூப்: இறால் குழம்பு எண்டது உன்னை இங்க கூட்டிவரச் சொன்ன பொய். ஆனந்தராஜா வீட்டில இண்டைக்கு ஒருத்தரும் இல்லை, எல்லாரும் கோயிலுக்குப் போட்டினம். அந்தா, பச்சைக் கதவடியில கை காட்டிக்கொண்டு நிக்கிறா, அவதான். கதை ஒரு எழுத்தும் மாறாமல் ரலியா எண்ட பேரோட வருதாம்... நேரில மன்னிப்புக் கேட்டு, நீ மாத்த மாட்டன் எண்ட கதையைப் போட உன்ர சம்மதம் வாங்க வேணுமாம். பிறகு உன்ர காரில ஒரு சுத்துச் சுத்தவும் ஆசையாம். நான் பின் சீற்றுக்குப் போறன், நீ வேலியைப் பாத்து நிப்பாட்டு.