வரிசையில் ஏழாவது

போர்வையை முதல் தடவை துவைக்கும்போது குளிர்ந்த தண்ணீரில்தான் அலச வேண்டும். நான் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு போர்வையோடும் இதை ஒரு சீட்டில் எழுதிக் குத்தி அனுப்புவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். உன் போர்வைக்கு மட்டும் 'துவைக்கவே வேண்டாம்' என்று எழுதிவிட்டேன். சந்தேகம் அதில்தான் ஆரம்பித்தது என்கிறாய், லினெட். தொழில் தெரிந்தவள் அப்படி எழுதியிருக்கக் கூடாது. என் தப்புதான்.

"புதுப் போர்வைன்னா கொஞ்சம் சலசலன்னுதான் இருக்கும் கண்ணு, போத்தப் போத்தச் சரியாயிடும்" என்று போனில் சொன்னேன். நீ நம்பவில்லை. தையலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மெல்போர்னிலிருந்து கப்பலேறி வந்து என் எதிரே உட்கார்ந்திருக்கிறாய். நீ உன் அம்மாவுக்கு எழுதிய பதினொரு கடிதங்களும் உன் மடியில் இருக்கின்றன. டீயைக் குடி, ஆறுகிறது. எதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

டாஸ்மேனியாவின் இந்தப் பக்கத்தில் துணித்துண்டுகளை ஒட்டி மேல்துணி தைக்கத் தெரியாத பெண் கிடையாது. முடிக்கத்தான் ஆள் வேண்டும். மேல்துணியும் அடித்துணியும் நடுவே பஞ்சும் வைத்து, என் பன்னிரண்டடிச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மூன்றையும் சேர்த்து மெஷினில் ஓட்டி, ஓரம் மடித்துக் கொடுப்பேன். ஊர்க் கண்காட்சியில் முதல் பரிசான நீல ரிப்பன் வாங்கிய போர்வைகளில் பாதி உன் அம்மாவுடையவை. அட்டையில் 'நோரீன்' என்று பெரிதாக எழுதியிருக்கும். அடியில் பொடி எழுத்தில் 'முடித்தது: ஏவிஸ்'. அதில் எனக்கு வருத்தம் இருந்ததே இல்லை. சும்மா சொல்கிறேன்.

என் வீட்டில் வரிசை உண்டு. கதவில் தொங்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பாதிரியார் மனைவியே ஐந்து மாதம் காத்திருந்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

போன வருடம் பிப்ரவரியில் அக்கா, உன் அம்மா, என்னோடு தங்க வந்தாள். அடுத்த கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வரும்போது பையில் ஒரு மேல்துணி இருந்தது. நீ சின்ன வயதில் போட்ட கவுன்களை வெட்டித் தைத்தது. உங்களுக்குள் பேச்சு நின்று அப்போது ஏழு வருடம்.

"வாயத் திறந்து மன்னிப்புக் கேக்க எனக்கு வராதுடி. இத அனுப்பினா அவளுக்குப் புரியும். ஓடி வந்துருவா" என்றாள்.

நோட்டில் அவள் பெயரை எழுதினேன். ஏழாவது.

மார்ச்சில் உன் முதல் கடிதம் வந்தது. 'அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டேன். வரட்டுமா?' அதை மட்டும்தான் பிரித்துப் படித்தேன், பிறகு வந்த பத்தையும் பிரிக்கவில்லை. முதலில் போர்வை போகட்டும், பிறகு நீ வரலாம், எதற்கும் ஒரு முறை இருக்கிறது என்று நினைத்து நூல் டப்பாவில் வைத்தேன். நீ போன் செய்தபோது, அம்மா யாரையும் பார்க்க விரும்பவில்லை என்றேன். அவள் தினமும், "தபால் ஏதாச்சும் வந்துச்சா?" என்பாள். "விதைக்கடை விளம்பரம்தான் அக்கா" என்பேன்.

மே மாதம் ஆறாவது போர்வை முடிந்தது. அன்று அக்கா அரைக் கிண்ணம் பூசணி சூப்பை ஆசையாகக் குடித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாட்டி நான் என்னடி பண்ணுவேன்" என்றாள். அறுபத்து மூன்று வருடத்தில் என்னிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை. போர்வை போனால் நீ வருவாய். நீ வந்தால் உன் கையைப் பிடித்துக்கொள்வாள். அதோடு, எதற்காவது காத்திருப்பவள் சீக்கிரம் சாக மாட்டாள் என்றும் எனக்குத் தோன்றியது. அவள் நல்லதைத்தான் யோசித்தேன்.

அதனால் அவள் மேல்துணியை எடுக்காமல், பழைய படுக்கை விரிப்புகளைச் சட்டத்தில் கட்டி ஓட்ட ஆரம்பித்தேன். பக்கத்து அறையில் அவளுக்கு மெஷின் சத்தம் கேட்க வேண்டுமல்லவா. சத்தம் நின்றதும் குரல் கொடுப்பாள்.

"இது யாரோடது?"

"டாட் கேம்பலோடது அக்கா."

"எனக்கு முன்னாடி இன்னும் எத்தன பேரு?"

"மூணே பேரு."

ஒன்பது விரிப்புகள் தைத்தேன். பழைய துணிதானே என்று ஏனோதானோவென்று ஓட்டவில்லை. எல்லாவற்றிலும் இறகு வடிவத் தையல் வேலைப்பாடு, ஒரு தையல் பிசகவில்லை. ஜூன் கடைசியில் அவளால் எழுந்து உட்காரவும் முடியவில்லை. "சாவு வந்தாக்கூட உன் வீட்ல வரிசையில நிக்கணும் போலிருக்கேடி" என்று சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையானது. நானும் அழுதேன். எனக்கு அவள் என்றால் உயிர்.

ஜூலை பதினான்கு, காலை பத்து மணி இருக்கும். ஒன்பதாவது விரிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் கூப்பிட்டது மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உன் பெயரைத்தான் சொன்னாள். என் பெயரைச் சொல்லவில்லை. வரிசைத் தையலை நடுவில் நிறுத்தினால் முடிச்சு தெரியும். அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஆறு நிமிடம் ஆகியிருக்கும். நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கத்தன்று நீ கேட்டாயே, "என்னை ஒரு தடவையாச்சும் கேட்டாங்களா சித்தி?" என்று. இல்லை என்றேன். கேட்டாள், லினெட். தினமும் கேட்டாள்.

மறுநாளே அவள் மேல்துணியைச் சட்டத்தில் கட்டினேன். இரண்டே நாளில் முடித்துவிட்டேன். கடிதங்களை எரித்திருக்கலாம், அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எனக்கு மனசு வரவில்லை. உன் பொருள் உன்னிடம் வந்து சேரட்டும் என்று கட்டத்துக்கு ஒன்றாகப் பஞ்சின்மேல் வைத்து, ஊசி படாமல் சுற்றிலும் தைத்தேன். பார், ஒரு உறையிலும் ஓட்டை இல்லை. பின்பக்கத் துணிச்சீட்டில் அவள் பெயரையும் என் பெயரையும் இந்தத் தடவை ஒரே அளவில் எழுதினேன்.

அழாதே. போர்வையை இங்கே விட்டுவிட்டுப் போ, நீ பிரித்த இடத்தைத் தைத்து வைக்கிறேன். வரிசையில் இப்போது யாரும் இல்லை. இருந்தாலும் உன்னைத்தான் முதலில் வைப்பேன். சொந்தத்துக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப்போகிறேன்.