தண்ணீர்க் கூரை

ஜீப்பின் கூரைக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தாலே பாதிச் சூடு போய்விடும் சார். உங்கள் போலீஸ் வண்டியின் கூரை கறுப்பாக இருப்பதை வரும்போதே கவனித்தேன். மாற்றிவிடுங்கள்.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. மலைச்சரிவில் உருண்ட அந்த ஜீப்பை உங்கள் நிபுணர் அறுத்துப் பார்த்தாராம். 'கூரைத் தொட்டிக்குள் தடுப்புத் தகடு வைக்கப் பட்டறைக்காரர் மறந்துவிட்டார்' என்று சொன்னாராம். அந்த 'மறந்துவிட்டார்' என்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்தத் தொழிலில் எனக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு திருகாணியைக்கூட நான் மறந்தது கிடையாது.

காடு மேடு ஏறும் வண்டிகளுக்குக் கூரை மாற்றுவது என் வேலை. இரும்புக் கூரைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி விட்டு இன்னொரு தகடு. முன்னும் பின்னும் திறந்திருக்கும். வண்டி ஓட ஓட நடுவே காற்று புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு போகும். உள்பக்கம் ஃபோம் ஷீட். அவ்வளவுதான். இதற்கு மேல் யோசிக்க வேண்டுமானால் ஒருவன் மேதையாக இருக்க வேண்டும், அல்லது என் தங்கையின் கணவராக இருக்க வேண்டும்.

பட்டறையில் அவருக்கு 'விஞ்ஞானி' என்று பெயர். நான்தான் வைத்தேன். செல்போனில் ஒரு வீடியோ பார்த்தால் போதும், மறுநாள் அந்தத் துறையில் கரை கண்டுவிடுவார். தண்ணீர் மோட்டாரைப் பிரித்து மாட்டிவிட்டு, மிச்சமான நட்டுகளைக் கம்பெனிக்காரன் கூடுதலாகப் போட்டுவிட்டான் என்று சொன்ன மனிதர்.

"மச்சான், தகரத்துமேல தகரம் போடறதெல்லாம் கோழிக்கூண்டு டெக்னிக்" என்றார் என்னிடம். "என் ஜீப்புக்குக் கூரைமேல தட்டையா ஒரு தொட்டி வைங்க. தண்ணி சொட்டுச் சொட்டா கசிஞ்சு கோணியை நனைக்கணும். காத்து பட்டா உள்ள சும்மா ஜில்லுனு இருக்கும்."

"மேல பாரம் ஏறும் மாப்பிள்ளை. சரிவுல வண்டி சாயும்."

"நீங்க ரிப்பேர் பண்ணுங்க மச்சான். யோசிக்கறதை நான் பாத்துக்கறேன்."

வேலையாட்கள் சிரித்தார்கள். என் பட்டறையில் நின்றுகொண்டு, என்னிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அதற்காகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அவ்வளவு அற்பமான ஆள் அல்ல. தங்கைக்காகச் செய்தேன். இப்படி ஒருவரோடு குடித்தனம் நடத்துவது எத்தனை கொடுமை என்று எனக்குத் தெரியும். அவள் ஒருநாளும் புகார் சொன்னதில்லை. உள்ளுக்குள் எவ்வளவு புழுங்கியிருப்பாள் என்று அதிலிருந்தே தெரியவில்லையா? ஒருமுறை நானே வாய்விட்டுக் கேட்டேன். "எனக்கென்னண்ணா குறை? நீதான் அவரைக் கண்டாலே முறைக்கிறே" என்றாள். பாவம், அவ்வளவு பயம்.

தொட்டியை அழகாகவே செய்தேன். தண்ணீர் சுமந்து ஓடும் எந்தத் தொட்டிக்கும் உள்ளே குறுக்குத் தடுப்புகள் வேண்டும். தண்ணீர் லாரியின் வயிற்றுக்குள்ளும் உண்டு. இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் சாயும்போது மொத்தத் தண்ணீரும் அந்தப் பக்கமே ஓடி, சாய்கிற வண்டியை முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும். தடுப்புகளை அளவெடுத்து வெட்டினேன். என் மேஜைக்கடியில் இன்னும் கிடக்கின்றன, போய்ப் பாருங்கள். விளிம்புகூட அரத்தால் ராவி வைத்திருக்கிறேன். பிறகு அவற்றை உள்ளே வைக்காமலேயே தொட்டியை மூடிப் பற்றவைத்தேன். மறந்தவன் விளிம்பு ராவுவானா சார்?

"பாதி ரொப்பினா போதும் மாப்பிள்ளை, பாரம் குறையும்" என்று சொன்னேன். நிறைந்த தொட்டியில் தண்ணீர் அசைய இடமிருக்காது. பாதித் தொட்டியில்தான் அது ஆட்டம் போடும். விஞ்ஞானி பெரிய மனது பண்ணித் தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சை அவர் கேட்டது அந்த ஒரு முறைதான்.

மலைப்பாதைக்கு எப்போதும் தனியாகத்தான் போவார். அன்று காலை வண்டியை எடுக்க வந்தபோது தங்கையும் கூட வந்தாள். மடியில் சாப்பாட்டுப் பையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"புதுக்கூரை, ஜில்லுனு போலாம் வான்னு கூப்பிட்டார்ணா. சாயங்காலம் வந்துடுவோம்."

நான் கல்நெஞ்சக்காரன் அல்ல. தொட்டியின் அடியில் தண்ணீரை வடிக்க ஒரு திருகு உண்டு. கசிவு பார்க்கிறேன் என்று சொல்லி அதன்மேல் கையை வைத்துவிட்டேன். காலித் தொட்டியால் யாருக்கும் ஆபத்தில்லை. கொஞ்சம் திருகினால் போதும்.

அப்போது விஞ்ஞானி அவள் பக்கம் குனிந்தார். "உங்கண்ணன் ஸ்பேனரை எடுக்கறதுக்கு முன்னாடி மூளையைக் கழட்டி டூல்ஸ் பெட்டியில வெச்சிடுவார், கவனிச்சியா?"

தங்கை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் கையை எடுத்துக்கொண்டேன். "பத்திரமா போயிட்டு வாங்க" என்றேன்.

இரண்டு பேருமே அந்த இடத்திலேயே போய்விட்டார்கள் என்று நீங்கள்தான் வந்து சொன்னீர்கள். எழுதிக்கொள்ளுங்கள் சார். மறதி இல்லை, கைப்பிழை இல்லை, தெரிந்தே செய்தேன். காரணம் கேட்டால், என் தங்கை இனியாவது நிம்மதியாக வாழவேண்டும் என்பதற்காக என்று போடுங்கள்.