குழியோரத்துச் செருப்பு

பொருள்களை அவற்றிற்குரிய இடத்தில் வைப்பது நற்பழக்கமாகும் என்று முதியோர் கல்விப் பாடநூலில் ஒரு பாடம் உண்டு, ஐயா. முப்பது வயதுக்கு மேல் எழுத்தறிந்தவன் நான். ஆகையால் படித்தவற்றை மறப்பதில்லை.

ஆம்பூரில் நாங்கள் மூவரும் ஒரே தோல் பதனிடும் தொழிற்சாலையில் பணிபுரிந்தோம். இன்பசேகரன் கிட்டார் வாசித்துப் பாடுவான். தேவாலயத்தில் பழகிய குரல். அமீர் பாஷா டிரம்ஸ் வாசிப்பான். பாடல்களை இயற்றியவன் சம்பத் ஆகிய நான். சினிமாப் பாட்டு வேண்டாம், சொந்தப் பாட்டையே பாடுவோம் என்று 'பாலாற்றுக் குரல்' என்னும் குழுவை அமைத்தோம். 1984ஆம் ஆண்டு எங்கள் முதல் கேசட் வேலூரில் பதிவாகி வெளிவந்தது. உறையில் இன்பசேகரனின் படமும் பெயரும் மட்டும் இருந்தன. அதை நான் பொருட்படுத்தவில்லை.

பின்னர்ச் சென்னை வார இதழ் ஒன்றில் விமர்சனம் வந்தது. டீக்கடையில் அதை உரக்க வாசிக்கும் பொறுப்பை நானே கேட்டுப் பெற்றேன். "இன்பசேகரனின் குரல் தோல் மண்டிகளுக்கிடையே பூத்த அதிசயம்" என்று வாசித்தேன். அனைவரும் கைதட்டினர். அந்த உற்சாகத்தில் அடுத்த வரியையும் வாசித்துவிட்டேன். "பாட்டு வரிகளில்தான் அரிச்சுவடி வாசனை அடிக்கிறது."

"இன்னா சம்பத்து, உன்னத்தான் சொல்றான்" என்று அமீர் பாஷா சிரித்தான். "இன்னும் ரெண்டு வருசம் ஸ்கூலுக்குப் போய்ட்டு வா."

"சும்மா இரு பாய். நம்ம தோஸ்து எழுதலன்னா நான் இன்னாத்த பாடுவேன்?" என்று இன்பசேகரன் என் தோளில் கை போட்டான். அவன் நல்லவன். அதுவே எனக்குக் கூடுதல் சிரமமாக இருந்தது.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. கழிவுக் குழியில் இறங்குபவர் தம் செருப்பைக் குழியோரத்தில் விட்டுவிட்டு இறங்க வேண்டும். செருப்பு கிடந்தால் எவரும் அமிலத் தண்ணீரைத் திறக்கமாட்டார். அடியிலுள்ள சுண்ணாம்புக் கழிவோடு அது கலந்தால் விஷவாயு கிளம்பும்.

அன்று அடைப்பெடுக்க இன்பசேகரன் இறங்கினான். தோல் உருட்டும் பீப்பாய்களின் இரைச்சலில், விளிம்பில் நின்ற எனக்கு மட்டும் அவன் பாடுவது கேட்டது. என் பாட்டுதான், ஆனால் அவன் குரலில் அது அவனுடையதாகவே இருந்தது. செருப்புகள் ஒழுங்கின்றிக் கிடந்தன. அவற்றை எடுத்துச் சென்று வாயிலருகே இருந்த பலகையில் இணையாக வைத்தேன்.

அமீர் பாஷா குழாயருகே வந்து குழியோரத்தைப் பார்த்தான். "உள்ள யாராச்சும் கீறாங்களா?"

"செருப்பு இல்லியே பாய்" என்றேன்.

அது பொய்யன்று. குழாயைத் திறந்தவனும் நானல்லேன்.

செருப்பை வாயிலருகே விட்டுவிட்டு, குழியோரத்தில் வைக்க மறந்து இறங்கிவிட்டான் என்று விசாரணையை விபத்தாக முடித்தார்கள். அமீர் பாஷா அதன்பின் டிரம்ஸைத் தொடவில்லை.

சென்ற வாரம் அதே இதழ் அஞ்சலிக் கட்டுரை வெளியிட்டது. "தோலுக்கெல்லாம் நிறம் கொடுத்தோம், எங்கள் விடியலுக்கு எவர் கொடுப்பார்" என்ற வரியை எடுத்துக்காட்டி, மறைந்த இன்பசேகரன் பாடகர் மட்டுமல்லர், எளிமையில் சிகரம் தொட்ட கவிஞரும் ஆவார் என்று எழுதியிருந்தது.

அதை வாசித்த பின்னரே இக்காவல் நிலையத்திற்கு வந்தேன். மனச்சாட்சி உறுத்தியதால் என்று எழுதுகிறீர்கள், அதை அடித்துவிடலாம். அவனைக் கொன்றவன் நானே. பத்திரிகைக்காரர்களுக்கு என் பெயரைக் கொடுக்கும்போது, அந்த வரியை எழுதியவன் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். ஐயம் இருந்தால் அமீர் பாஷாவைக் கேளுங்கள். எனக்காகச் சாட்சி சொல்வான். அவன் என் நண்பன்.