ரெண்டு நாளைக்குத் தீனி இல்லை

ஓசூரில் கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். முன்சீட்டில் கம்பெனி யூனிஃபார்மில் ஒருவர். அவர் பக்கத்தில், மடியில் மீன் பாக்கெட்டுகளோடு வண்ணமீன் கடைக்காரர்.

"காலையிலருந்து மூச்சுக்குத் தவிக்கிறான்ணா. ரூம்ல தனியா விட்டுட்டு ஷிஃப்டுக்கு வந்துட்டேன்," என்றார் யூனிஃபார்ம்காரர்.

108-க்கு அடிக்கப் போனை எடுத்தே விட்டேன்.

"தொட்டியில ஃபில்டர் நின்னுருக்குமே?" என்றார் கடைக்காரர்.

அட, மீன்தானா! மணி பார்ப்பதுபோல் போனைப் பார்த்துவிட்டுப் பையில் போட்டேன்.

"ஆமாண்ணா. ஊத்தங்கரைக்குப் போய் மூணு நாள் கழிச்சு வந்தா, ஓடல. தண்ணி கலங்கிருச்சு. மொத்தத்தையும் கொட்டிட்டு, ஃபில்டர் ஸ்பாஞ்சக் குழாயடியில பளிச்சுன்னு கழுவிடட்டுமா?"

"கொன்னுடுவ தம்பி! தண்ணியச் சுத்தம் பண்ற நல்ல கிருமி அதுலதான் இருக்கு. தொட்டித் தண்ணியிலயே லேசா அலசு. பாதித் தண்ணிய மட்டும் மாத்து, குளோரின் முறிக்கிற சொட்டுமருந்து விட்டு. காத்து மோட்டர் ஓடிக்கிட்டே இருக்கணும்."

"பொழைச்சுக்குவானா? ரூம்ல நானும் அவனுந்தான்."

"பொழைச்சுக்கும். ஆனா ரெண்டு நாளைக்குத் தீனி போடாத, தண்ணி திரும்பக் கெட்டுரும்."

சூளகிரி நெருங்கியதும் யூனிஃபார்ம்காரர் இறங்க எழுந்தார். கடைக்காரர் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"தீனி போடலன்னா, நான் வந்துட்டேன்னு அவனுக்கு எப்படிண்ணா தெரியும்?"